இருமல் நின்றுவிட்டது, தங்கையை அனுப்பவும்

பெருமதிப்பிற்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

தங்கள் தங்கையை மணந்தவன் தலைவணங்கி எழுதிக்கொள்ளும் கடிதம். நான் இங்கு நலம். இந்த ஒரு சொல்லை எழுதிப் பல வருடங்கள் ஆகின்றன. என் கடிதங்கள் எல்லாம் ‘அங்கு நலமா’ என்றுதான் ஆரம்பிக்கும். இங்கே எப்படி என்கிற பேச்சையே எடுக்க மாட்டேன், பொய் எழுதக் கை வராது. இன்று கை வந்திருக்கிறது. தாங்கள் நலமாக இருக்க வேண்டும், அக்கா நலமாக இருக்க வேண்டும், குழந்தைகள் நலமாக இருக்க வேண்டும். தங்கள் வீட்டு நடு அறையில் தலையணையோடு வந்து தங்கியிருக்கும் என் மனைவியும் நலமாக இருக்க வேண்டும். ஆனால் அவள் அங்கேயே நலமாக இருந்துவிட வேண்டாம், தயவுசெய்து இங்கே திருப்பி அனுப்பிவையுங்கள் என்பதுதான் இந்தக் கடிதத்தின் சாரம்.

மேலே ‘நலம்’ என்பதன் கடைசிப் புள்ளி ஒரு கோடாகிக் காகிதத்தின் ஓரம் வரை ஓடியிருப்பதைக் கவனித்திருப்பீர்கள். தவறாக நினைக்க வேண்டாம். எங்கள் சாப்பாட்டு மேசைக்கு ஒரு கால் குட்டை. இருமல் நின்று ஒரு வாரம் ஆகிறது, மச்சான். இதைத் தொலைபேசியில் சொல்வதற்கென்ன என்று கேட்பீர்கள். சொல்லாமலா இருந்தேன்? “அடக்கிக்கிட்டுப் பேசறீங்க, குரலே காட்டிக் கொடுக்குது” என்று சொல்லித் தங்கள் தங்கை தொலைபேசியை வைத்துவிட்டாள். நான் சூரியன் கிழக்கே உதிக்கிறது என்றாலும் ஜன்னலைத் திறந்து பார்க்கிறவள் அவள். அண்ணன் சொன்னால் மறுபேச்சு கிடையாது. ஆகவே தாங்கள் வாசித்து, தங்கள் வாயால் அவளிடம் சொல்ல வேண்டும். அதோடு கடிதத்தில் இன்னொரு வசதி, நடுவில் நிறுத்தி ஒரு வாய் தண்ணீர் குடித்துக்கொண்டாலும் யாருக்கும் தெரியாது.

தாங்கள் இந்த இருமலை எப்போதாவது ஒரு தரம், வந்த இடத்தில் பார்த்தவர்தான். கூடவே குடித்தனம் நடத்தினால்தான் அதன் குணம் தெரியும். அது ஒரு மழைக்காலத்தில் வந்தது. நனைந்துகொண்டு வீடு திரும்பினேன், இரண்டு முறை இருமினேன், தங்கள் தங்கை என் தலையில் ஒரு துண்டைப் போட்டு, “ரெண்டு நாள்ல போயிடும்” என்றாள். எங்கள் டாக்டருக்கு அப்போது தலை முழுக்கக் கறுப்பு முடி. மூன்று நாளைக்கு மாத்திரை எழுதினார். விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பார்கள். மருந்து அந்தப் பேச்சுக்குக் கட்டுப்பட்டு மூன்றாம் நாள் தீர்ந்துபோனது, விருந்தாளி கட்டுப்படவில்லை. டாக்டர் மாத்திரையை மாற்றினார், மருந்துத் தண்ணீரை மாற்றினார், ஊசி போட்டார், மார்பைப் படம் எடுத்தார், சளியைச் சோதித்தார். படத்தில் ஒன்றும் இல்லை, சோதனையில் ஒன்றும் இல்லை, என்னிடம் மட்டும் இருமல் இருந்தது. “பயப்பட ஒண்ணுமே இல்லீங்க” என்று அவர் சந்தோஷமாகச் சொல்லி வாய் மூடுவதற்குள் அவர் முகத்துக்கு நேராக இருமுவேன், அந்தச் சந்தோஷம் போய்விடும். புகை கூடாது என்றார், எனக்கு அந்தப் பழக்கமே இல்லை. தூசி கூடாது என்றார், வீட்டைத் துடைத்துத் துடைத்துத் தங்கள் தங்கைக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது. குளிர்ந்தது கூடாது, உரக்கப் பேசக் கூடாது என்று வரிசையாகத் தள்ளிக்கொண்டே வந்து, கடைசியில் சிரிக்கவும் கூடாது என்றார். நாள் முழுவதும் எதிரே இருப்பவரைப் பார்த்து ‘கொஞ்சம் சிரிங்க’ என்று சொல்லிப் பிழைக்கிற போட்டோக்காரனிடம் சொல்கிற பேச்சா இது?

ஒரு நாள் அவரே மனம்விட்டுச் சொன்னார். “இது போற வியாதி இல்லீங்க, இருக்கிற வியாதி. உங்களைக் கொல்லவும் கொல்லாது, விடவும் விடாது. அதோட சமாதானமாப் போயிடுங்க.” சொன்னவர் சும்மா இல்லை, கொஞ்ச நாளில் ஓய்வு பெற்றுவிட்டார். தலை வெளுத்து, கை நடுங்கி, நாற்காலியையும் ஸ்டெதஸ்கோப்பையும் என் இருமலையும் மகனிடம் ஒப்படைத்துவிட்டுப் போனார். போகும்போது என் தோளைத் தொட்டு, “உங்க ஒருத்தர் விஷயம்தான் மனசுல உறுத்துது” என்றார். நான் ஆறுதல் சொல்ல வாய் திறந்தேன், இருமல்தான் வந்தது. சின்ன டாக்டர் முதல் நாளே எழுந்து நின்று கை கொடுத்து, “அப்பா உங்களைப் பத்தி நிறையச் சொல்லியிருக்கார்” என்றார். வைத்தியர் ஓய்வு பெறலாம், வியாதிக்கு ஓய்வு வயது கிடையாது போலிருக்கிறது.

இங்கே எங்கள் மாடி வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும், பின்னால் வரும் சேதாரத்துக்கு எல்லாம் அவர்தான் காரணம். ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். முழங்கால் வலிக்காரர். முழங்கால் வாத்தியார் என்றால்தான் தெருவில் ஆளைக் காட்டுவார்கள். அவர் வலி என் இருமலைவிட மூத்தது, அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. நாங்கள் இருவரும் சேர்ந்தேதான் டாக்டர் வீட்டுக்குப் போவோம். அங்கே ஜன்னலோர பெஞ்சு எங்களுடையது, யாரும் எழுதிக் கொடுக்கவில்லை, உட்கார்ந்து உட்கார்ந்து வந்த உரிமை. ஒரு தடவை யாரோ ஓர் இளைஞன் அதில் போர்வையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். வாத்தியார் கைத்தடியை ஊன்றி, “தம்பிக்கு என்ன உடம்புக்கு?” என்றார். “மூணு நாளா காய்ச்சல் சார்” என்றான் அவன். “மூணு நாளா!” என்று வாத்தியார் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையைத் தாங்கள் பார்த்திருக்க வேண்டும். எல்.கே.ஜி.க்குச் சேர்ந்த அன்றே பட்டம் கேட்ட பிள்ளையைப் பார்ப்பது போல. “அந்தப் பக்கம் உக்காருங்க தம்பி, இது பழைய ஆளுங்க உக்கார்ற இடம்” என்றார். பாவம், அவன் நடுங்கிக்கொண்டே எழுந்து போனான். அடுத்த வாரம் அவனைக் காணோம். குணமாகியிருக்க வேண்டும். அப்படிப்பட்டவர்களை நம்பி எதுவும் நடத்த முடியாது என்றார் வாத்தியார்.

(இந்த இடத்தில் மை சிதறியிருப்பது தெருவில் ஒரு லாரி போனதால். பெரிய லாரி.)

டாக்டர் வீட்டில் இப்படி என்றால் ஸ்டூடியோவில் நான் பட்ட பாட்டைக் கேளுங்கள். வருகிறவரை ஸ்டூலில் உட்கார வைத்து, மோவாயைத் தூக்கி, தோளை நேராக்கி, விளக்கைச் சரிபார்த்து, “அசையாம இருங்க” என்று சொல்லி விரலை வைக்கும்வரை இருமல் பதுங்கியிருக்கும். விரலை அழுத்துகிற அந்தக் கணத்தில் தொண்டையிலிருந்து பாயும். நான் எடுத்த படம் எதுவானாலும் அதில் உள்ளவர் திடுக்கிட்டிருப்பார். புருவம் நெற்றிக்கு ஏறியிருக்கும், கண் இரண்டும் விரிந்திருக்கும். திரும்ப எடுத்தாலும் அதே கதைதான். நாளடைவில் இந்த வட்டாரத்தின் அடையாள அட்டைகள் முழுவதும் திடுக்கிட்ட முகங்களாகிவிட்டன. ஓர் அலுவலகத்தில் குமாஸ்தா அட்டைகளைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “உங்க பக்கத்துல எல்லாருக்கும் அப்படி என்னங்க பயம்?” என்று கேட்டாராம். ஸ்டூடியோவுக்கு நான் ஆசையாக வைத்த பெயர் பலகையோடு சரி, ஊர் வாயில் அது இருமல் ஸ்டூடியோ. ஆனால் ஒன்று, பிறந்ததிலிருந்து தூங்கி வழிகிற கண்ணுடைய ஒரு மனிதர் வந்தார். அவர் படத்தில்தான் முதல்முறையாக முழித்துக்கொண்டிருக்கிறார் என்று அவர் வீட்டில் பெரிதாக்கி மாட்டியிருக்கிறார்கள். அவருடைய சொந்தக்காரர்கள் எல்லாம் “அதே மாதிரி சுறுசுறுப்பா வரணும்” என்று என்னைத் தேடி வருகிறார்கள். நோயும் சில நேரம் சோறு போடுகிறது.

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பது உண்மைதான், ஆனால் இருமலுக்கு அது பொருந்தாது. இருமல் எனக்கு வந்தது, தெரிந்ததெல்லாம் தங்கள் தங்கைக்குத்தான். அவள் காதில் பஞ்சு வைத்துப் பார்த்தாள், அடுக்களையில் பாய் போட்டுப் பார்த்தாள், என்னை அடுக்களையில் போட்டுப் பார்த்தாள். இந்த வீட்டுச் சுவர்கள் தங்களுக்குத் தெரியாததா? நாம் மூச்சு விட்டால் அடுத்த வீட்டில் திரும்பிப் படுப்பார்கள். போன மாதம் ஒரு விடியற்காலையில் எழுந்து உட்கார்ந்து, “கல்யாணம் ஆனது உங்களோட, குடித்தனம் பண்றது இருமலோட” என்றாள். நான் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். “அதை நானா கூப்பிட்டேன்?” என்று கேட்டேன். “நானும் கூப்பிடல. ஆனா எழுந்து தண்ணி குடுக்கறது நான்தானே?” என்றாள். பெட்டியை எடுத்தாள், நான் கவலைப்படவில்லை. பெட்டியோடு போனால் கோபம், பத்து நாளில் தணியும். அடுத்துத் தலையணையையும் எடுத்தாள். அப்போதுதான் கவலை வந்தது. தலையணையோடு போகிறவர்கள் திரும்பி வரும் தேதியை யோசித்துப் போவதில்லை. “போய் நல்லாத் தூங்கிட்டு வரேன்” என்றாள் வாசலில். எப்போது என்று கேட்க நினைத்தேன், இருமல் முந்திக்கொண்டது.

அவள் போன பிறகுதான் அந்த அதிசயம். போன வாரம் ஒரு நாள் காலையில் கண் விழித்தேன், படுத்தபடியே காத்திருந்தேன், ஒன்றும் வரவில்லை. எழுந்து உட்கார்ந்தேன், வரவில்லை. வேண்டுமென்றே தொண்டையைச் செருமினேன், சுத்தமாக இருந்தது. என்னால் நம்ப முடியவில்லை. கண்ணாடி முன்னால் நின்று வாயை அகலத் திறந்து, டார்ச் விளக்கை உள்ளே அடித்து, இத்தனை நாள் குடியிருந்தது எங்கே போய்விட்டது என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் வாசற்கதவு பெரும் சத்தத்தோடு உள்ளே வந்து விழுந்தது. அதன் மேல் பால்காரர், அவருக்கு மேல் முழங்கால் வாத்தியார். விஷயம் இதுதான்: என் முதல் இருமலைக் கேட்டுத்தான் வாத்தியார் எழுந்திருப்பாராம், இரண்டாவதற்குப் பல் விளக்குவாராம், மூன்றாவதற்குக் காலை நீட்டி மடக்குவாராம். அன்றைக்கு வெயில் ஏறியும் சத்தம் வராததால் என் கதை முடிந்துவிட்டது என்று தீர்மானித்து, வாசலில் நின்ற பால்காரரையும் இழுத்துக்கொண்டு கதவை இடித்திருக்கிறார். “தட்டிப் பார்த்திருக்கலாமே!” என்றேன். “செத்தவன் வந்தா திறப்பான்?” என்றார். கணக்கு வாத்தியார் அல்லவா, விடை எப்போதும் கையில் இருக்கும். ஆனால் கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொரு படியாகக் கொஞ்சிக்கொண்டு இறங்குகிற மனிதர் அன்று மாடியிலிருந்து பாய்ந்து வந்திருக்கிறார். நான் பிழைத்திருப்பதைப் பார்த்து மூச்சு விட்ட பிறகுதான் அவருக்கு முழங்கால் ஞாபகம் வந்தது. அப்படியே என் கதவின் மேல் உட்கார்ந்து, “நான் ஓடி வந்ததை மட்டும் டாக்டர்கிட்ட சொல்லிடாதீங்க” என்று கேட்டுக்கொண்டார். அவர் கண் கலங்கியிருந்தது.

கதவைச் சரிசெய்ய ஆசாரி நாளைக்கு வருகிறேன் என்று தினமும் சொல்கிறார். அதுவரை ஸ்டூடியோவின் பழைய திரையைக் கொண்டுவந்து வாசலில் தொங்கவிட்டிருக்கிறேன். அருவியும் இரண்டு அன்னப் பறவைகளும் வரைந்த திரை. என் வீட்டுக்கு வருகிறவர்கள் இப்போது அருவிக்குள் புகுந்துதான் வர வேண்டும்.

இருமல் போனதற்கு உரிமை கொண்டாட எத்தனை பேர்! சின்ன டாக்டர் தன் புது மாத்திரை என்கிறார், வாத்தியார் தான் சொன்ன உப்புத் தண்ணீர் என்கிறார், பால்காரர் கதவு விழுந்த அதிர்ச்சி என்கிறார். கதவு விழுவதற்கு முன்பே நின்றுவிட்டது என்றால் கேட்க மாட்டேன் என்கிறார். யார் தயவானால் என்ன, போனது போனதுதான் என்று துள்ளிக்கொண்டு ஸ்டூடியோவுக்குப் போனேன். அங்கேயும் நிம்மதி இல்லை. வந்தவர் ஸ்டூலில் உட்கார்ந்தார், நான் விரலை வைத்தேன், அழுத்தினேன், அவர் கண்ணை மூடிவிட்டார். அடுத்தவரும் மூடிவிட்டார். “ஏன் சார், கண்ணைத் திறந்து வைக்கக் கூடாதா?” என்றால், “நீங்க இன்னும் இருமலையே? இருமினாத்தானே எடுக்கறீங்கன்னு தெரியும்?” என்கிறார்கள். இத்தனை வருடமாக நான் மன்னிப்புக் கேட்டுக்கேட்டு இருமியதை இவர்கள் சைகை என்று எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். தூக்கக் கண்காரரின் சொந்தக்காரர் ஒருவர் படத்தைப் பார்த்துவிட்டு, “பழைய ஆள் இல்லையா?” என்று என்னிடமே கேட்டார்.

அதுகூடப் பரவாயில்லை. வீட்டுக்கு வந்தால் வீடு அவ்வளவு அமைதியாக இருக்கிறது. மச்சான், வெட்கத்தை விட்டு எழுதுகிறேன். எந்த அமைதிக்காக அவள் உங்கள் வீட்டுக்கு வந்தாளோ, அந்த அமைதி இப்போது இங்கே வீடு நிறையக் கிடக்கிறது, படுத்து அனுபவிக்க அவள் இல்லை. நான் அந்தப் பக்கம் திரும்பிப் படுத்தால் கட்டிலில் தலையணை இருந்த இடம் தெரிகிறது. அவள் இல்லாமல் எனக்கு முடியவில்லை. தண்ணீர் கொடுக்க ஆள் வேண்டும் என்பதற்காக அல்ல, இப்போது தண்ணீர் தேவைப்படவே இல்லை. சும்மா அவள் வேண்டும். “அவர் திருந்திட்டார், கிளம்பு” என்று தாங்கள் ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

(கடைசி வரி இரண்டு தடவை எழுதியது போல் தெரிந்தால், அது வாத்தியார் மாடியில் காலை நீட்டி மடக்குவதால். கூரையே அதிர்கிறது. நடுவில் வந்தது ஒரு தும்மல். தும்மல் வேறு, இருமல் வேறு என்பதைத் தாங்கள் அறிவீர்கள்.)

வேறு விசேஷம் இல்லை. அக்காவுக்கு என் பணிவான வணக்கம். குழந்தைகளுக்கு என் ஆசிகள், அவர்கள் நூறு வயது வாழ வேண்டும், மழையில் நனையாமல் வாழ வேண்டும். தங்கள் ரத்த அழுத்தத்துக்கும் என் விசாரிப்பைச் சொல்லவும், அதுவும் பழைய ஆள்தானே. பதிலாகக் கடிதம் வேண்டாம், அவளையே எதிர்பார்க்கும்

தங்கள் தங்கையின் கணவன்.

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும் நேரத்தில் அருவி இரண்டாகப் பிளந்து தங்கள் தங்கை பெட்டியோடு உள்ளே வந்தாள். தங்களிடம் சொல்லிக்கொண்டுதான் கிளம்பினாளாம், எனக்குத்தான் சொல்லவில்லை. வாத்தியார் நேற்று அங்கே தொலைபேசியில் பேசி, “ஒரு வாரமா சத்தமே இல்லம்மா, ஆள் நடமாடறார், ஆனா எனக்கு மனசு சரியில்ல” என்று சொல்லியிருக்கிறார். “நீங்க சொன்னப்ப நம்பல. அவர் சொன்னதும் பயந்துட்டேன்” என்றாள். நல்ல செய்திக்கு என்ன பயம் என்று கேட்டேன். “இத்தனை வருஷமா நிக்காதது திடீர்னு நின்னா பயமா இருக்காதா? இங்க ராத்திரி நடுவுல முழிப்பு வந்தா ஒரு இருமல் கேக்கும், சரி, இருக்காருன்னு திரும்பிப் படுத்துப்பேன். அண்ணன் வீட்டுல முதல் ரெண்டு நாள் அடிச்சுப் போட்ட மாதிரி தூங்கினேன். அப்புறம் முழிச்சுக்கிட்டு படுத்திருந்தேன். இருக்கீங்களா இல்லையான்னு அங்க யாரைக் கேக்கறது?” என்றாள். சொல்லிவிட்டு என் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ஸ்டூடியோவுக்கு வருகிறவர்களைப் போலவே என் முகத்தைப் பார்த்து, “எங்க, இருமுங்க பாப்போம்” என்றாள்.

இனி மறைத்துப் பயனில்லை. மேசையின் கால்கள் நான்கும் சமம். தெருவில் லாரி எதுவும் போகவில்லை. வாத்தியார் இன்று காலை என் முதல் இருமலுக்கே எழுந்து, இரண்டாவதற்குப் பல் விளக்கி, மூன்றாவதற்குக் காலை நீட்டி மடக்கி, மாடியிலிருந்தே “வந்துடுச்சா? நல்லது, நல்லது!” என்று சத்தம் போட்டுவிட்டார். அவ்வளவையும் அடக்கிக்கொண்டுதான் இதை எழுதினேன். அவள் கேட்டதும் அடக்கவில்லை. அடி வயிற்றிலிருந்து ஒன்று விட்டேன். அன்னப் பறவைகள் ஆடின. “சனியன், அப்படியேதான் இருக்கு” என்று எழுந்து போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, பட்டப்பகலில் படுத்தவள்தான், அசந்து தூங்குகிறாள். அவள் முழித்துவிடக் கூடாது என்பதற்காக அவ்வப்போது இருமிக்கொண்டே இதை முடிக்கிறேன். ஆகவே தாங்கள் முதல் பக்கத்தில் ‘நலம்’ என்று உள்ள இடத்தில் ‘பழையபடி’ என்று வைத்து வாசிக்கவும்.

ஒரே ஒரு வேண்டுகோள். தலையணையை அங்கேயே விட்டுவிட்டு வந்திருக்கிறாள். கேட்டால், “இருக்கட்டும், அடுத்த மழைக்கு வேண்டியிருக்கும்” என்கிறாள். அவளுக்குத் தெரியாமல் அதை உடனே அனுப்பிவைக்கவும்.